சுருக்கின் தலைக்கு ஒரு பேரம்

பகல் முழுக்க எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லும் இடத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காகச் சம்பளம் வாங்கினாள் அவள். பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை. டாக்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ரிசப்ஷன், அடுத்த ஆளை அனுப்பு" என்பார், மேசை நாற்காலியோடு அவளையும் ஒரே மொத்தமாக விலை பேசி வாங்கியவர் மாதிரி. வலியோடு வருகிறவர்களால் டாக்டரைத் திட்ட முடியாது. அவர் கையில் குறடு இருக்கிறது. அதனால் வெளியே இருப்பவளைத் திட்டுவார்கள். அவளும் சிரித்து, "கொஞ்சம் உட்காருங்க, இப்பக் கூப்பிடுவாங்க" என்பாள். உள்ளேயிருந்து ரத்தப் பஞ்சும் பிடுங்கிய பல்லும் தட்டில் வரும். அதையும் சிரித்த முகமாகவே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பை உதறி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சத்தத்தை வெளியே கசியவிடும் பழைய ஹெட்போனை மாட்டினால் அதே வாய் வேறு வாய். அங்கே ஒரு மலை. மலைக்கு நடுவில் ஒரு கணவாய். அந்தக் கணவாயில் அவள் பெயர் சுருக்கு. அந்தப் பெயரைக் கேட்டால் வரி வசூலிக்கிற அதிகாரிகள் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள். ஒரு அதிகாரியை மரக்கிளையில் தொங்கவிட்டு, அவன் கால் உதறி அடங்கும்வரை கீழே உட்கார்ந்து அவன் மதிய உணவைச் சாப்பிட்டவள் அவள். மோதிரம் கழலவில்லை என்று கெஞ்சிய ஒரு சீமானுக்கு விரலோடு கழற்றிக் கொடுத்து உதவியவளும் அவள்தான்.

விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து காவலன், வணிகன், கொல்லன், கொள்ளைக்காரன் என்று வேஷம் கட்டி வருஷக்கணக்காக வாழ்கிற இடம் அது. மற்ற விளையாட்டுகளில் செத்தவன் அடுத்த நிமிஷம் எழுந்து ஓடி வருவான். இங்கே செத்தால் செத்ததுதான். மறுபடி வரலாம், புதுப் பெயரில், புது ஆளாக, பழசு எதையும் தெரியாதவனாக. அத்தனை பிரியத்தோடு வளர்த்த உயிர் ஒரே வெட்டில் போய்விடும் என்பதால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். முதலில் வாய், பிறகு கத்தி. யாரைக் கொல்வதானாலும் என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எதிராளி பதில் சொல்லி முடிக்கும்வரை கத்தி இறங்கக் கூடாது. கேட்டும் பதில் வராவிட்டால் வெட்டலாம். கேட்காமலே வெட்டியவனுக்கு ஊமைக்கத்தி என்று பெயர். அவனையும், அவனுக்கு இடம் கொடுத்தவனையும், கேள்வியே இல்லாமல் யாரும் கொல்லலாம்.

சுருக்கு பிழைத்ததே இந்தச் சட்டத்தால்தான். அவளுக்குக் கத்தியைவிட வாய் கூர்மை. கொள்ளைக் கூட்டத்தில் அவளோடு மூன்று பேர். தலைவன் ஆணி ஒரு இருமல்காரன், நிஜத்தில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஆளுயரச் சுத்தியல் தூக்குகிற சம்மட்டிக்குக் குரல் மட்டும் கீச்சுக் குரல். கொக்கி அதிகம் பேசாத பெண், அம்பு விடுவாள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சொந்த மச்சானைவிட அதிகமாக நம்பிக்கொண்டார்கள்.

கணவாயில் எல்லாரும் கொள்ளையடிக்க ஆசைப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். உப்புக்காரர். கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிக்கொண்டு தனியாக வருவார். அவரிடம் இருப்பது பெரிய சொத்தில்லை. அவர் பேரம் பேசுகிற அழகுக்காகவே கொள்ளையர்கள் முறை வைத்துக் காத்திருப்பார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போதே, "இந்தக் கத்திக்கு அரை மூட்டை ரொம்ப அதிகம்மா, பிடி ஆடுது பாரு" என்பார். பேசிப் பேசிக் கால் மூட்டைக்கு இறக்குவார். சுருக்கு விடமாட்டாள், ஏற்றுவாள். கடைசியில் எங்கோ நடுவில் படியும். போகும்போது திரும்பிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வார்.

"உன் வாய்க்காகக் குடுத்தேன். கத்திக்காக இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் ஒரு வாரம் ஆஸ்பத்திரி மேசையில் உட்காருவாள்.

உப்புக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் வாய் திறக்க மாட்டார். விலையை முதலில் சொல்கிறவன் பாதி தோற்றவன் என்பது அவர் கொள்கை. வழிமறித்தவர்கள் கேட்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கன்னம் வீங்கிய ஒருவன் வந்திருந்தான். காத்திருக்கச் சொன்னதற்கு மேசையில் ஓங்கிக் குத்தினான். பேனா ஸ்டாண்டு உருண்டது. "பொம்மைய உக்கார வச்சிருக்காங்க பாரு" என்று கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னான். டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை.

"ரிசப்ஷன், சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் இருக்கிற திசைக்கே பார்வையைத் திருப்பாமல், செல்போனைத் தடவியபடி, ஏதோ ஃபேன் சத்தம் போட்டது போல விட்டுவிட்டான். திட்டியிருந்தால்கூடச் செரித்திருப்பாள். அந்த மௌனம் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

சாயங்காலம் கணவாயில் உப்புக்காரரின் கழுதை மணி கேட்டபோது மற்றவர்கள் வந்து சேரவில்லை. அவள் தனியாகப் பாறை மறைவில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து அறைக் கதவு திறந்தது. மாமியார்.

மாமியார் காலமெல்லாம் பாத்திரக் கடை நடத்தியவர். முழங்கால் மக்கர் செய்ததால் கடையைச் சின்னப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, சரக்கு லாரி ஓட்டும் பெரிய பிள்ளை வீட்டோடு வந்துவிட்டார். அவர் அறைக்குள் காலை வைத்தாலே அவள் வாய் மூடிக்கொள்ளும், கை தானாக மைக்கை அணைத்துவிடும். கொலைகாரக் கூட்டத்தின் காதில் அடுப்பு, துணி என்று வீட்டுப் பேச்சு விழக்கூடாது என்பது ஒரு கவலை. அவள் போடுகிற கூச்சல் மாமியாருக்குத் தெரியக்கூடாது என்பது அதைவிடப் பெரிய கவலை.

"கத்திரிக்கோல எங்க வச்சே?"

"தையல் டப்பாவுல இருக்கு அத்தை."

மாமியார் போனார். அவள் திரும்பினாள். மைக்கை மறந்தாள்.

பாதையில் குதித்து மறித்து நின்றாள். "வாங்க உப்புக்காரரே. இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, பேரத்தச் சுருக்கமா முடிப்போம். முழு மூட்டை."

அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, சத்தத்தக் காணோம்? முழு மூட்டைன்னேன்."

அவர் கழுதையின் பிடரியைத் தடவினார்.

"பதில் சொல்ற அளவுக்கு நான் லாயக்கு இல்லையா?"

அவர் தாடியைச் சொறிந்தபடி வேறெங்கோ பார்த்தார். அதே திசைமாறிய பார்வை. அவளுக்குக் கண் இருட்டியது. கயிறு பறந்து அவர் கழுத்தில் விழுந்தது. ஒரே இழுப்பில் மனிதர் மண்ணில். மார்பில் முழங்காலை ஊன்றி, விலா எலும்புக்குக் கீழே கத்தியைச் செருகி, மேல்நோக்கி இழுத்தாள். எலும்பில் கத்தி உரசுகிற சத்தம் ஹெட்போனில் காதுக்குள் கேட்டது. போதவில்லை. மறுபடி செருகினாள். மறுபடி. மூட்டை கிழிந்து உப்பு கொட்டியது. அந்த வெள்ளை மேல் ரத்தம் ஓடி, ஓடின இடமெல்லாம் குழியாகக் கரைந்தது. அவர் விரல்கள் உப்பை அள்ளி அள்ளி வயிற்றில் அடைக்கப் பார்த்தன.

சாகும்போதுதான் வாய் திறந்தார்.

"நீ ஒண்ணுமே கேக்கலையேம்மா."

திரையின் மூலையில் மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த வணிகர்கள் பார்த்துவிட்டதால் விஷயம் கணவாய் முழுக்கப் பரவிவிட்டது. பாறைகளுக்கு நடுவில் இருந்த மறைவிடத்தில் ஆணி நெடுநேரம் இருமினான்.

"கேட்டேன்னு சொல்ற. அவர் காதுல விழலையே."

"மைக் அணைஞ்சிருந்தது."

"அத இங்க எப்படிச் சொல்றது? கணவாய்ல ஏது மைக்கு?"

அதுதான் சிக்கல். அந்த உலகத்தில் இல்லாத பொருளை அந்த உலகத்தின் சட்டத்துக்கு முன் சாட்சியாக நிறுத்த முடியாது. சுருக்கு ஊமைக்கத்தி. சுருக்கு போனால் அவளுக்கு மிஞ்சுவது ரிசப்ஷன் மட்டும்.

"என்ன ஒப்படைச்சிடுங்க" என்றாள், பாதி மனசோடு.

"நம்ம ஆள நாமளே கட்டிக் குடுக்கறதுக்கு நாம என்ன கூரியர் ஆபீஸா?" என்றான் சம்மட்டி, கீச்சுக் குரலில். கொக்கி அம்புகளைக் கூர்தீட்டினாள். பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் திரண்டு வந்தது. காவல் தலைவன் முன்னால், கூலிப்படை பின்னால். சட்டம் இல்லாத சண்டை என்பதால் யாரும் யாரையும் கேட்கவில்லை. முதல் அம்பு கொக்கியின் தோளைத் துளைத்துப் பாறையில் தைத்தது. பிடுங்க நேரமில்லாமல் அவள் தோளை முன்னால் இழுத்து, சதையைக் கிழித்துக்கொண்டே விடுபட்டாள். ஆணி ஒருவன் முகத்தில் தீப்பந்தத்தைத் திணித்தான், முடி பொசுங்க அவன் அலறிக்கொண்டே பள்ளத்தில் போனான். சம்மட்டி வழியை அடைத்து நின்றான். சுத்தியல் ஒருவன் தாடையில் இறங்கியது. பற்கள் சிதறிப் பாறையில் உருண்டன. பழக்கதோஷத்தில் சுருக்கு அதில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கண்டுபிடித்தாள். வேர் உடையாமல் சுத்தமாக வந்திருந்தது, டாக்டருக்கே அப்படி வராது.

பிறகு கோடாலி ஒன்று சம்மட்டியின் முழங்காலைத் துண்டாக்கியது. ஒற்றைக் காலில் பாறையில் சாய்ந்துகொண்டே மேலும் இரண்டு மண்டைகளைப் பிளந்தான். ஈட்டிகள் ஒரே நேரத்தில் வயிற்றில் ஏறின.

"சரி, நான் கிளம்பறேன். துணி காயப்போடணும்" என்றது கீச்சுக் குரல். அவ்வளவுதான். அவன் வளர்த்த உயிர் குடல் சரிய மண்ணில் கிடந்தது. இனி எந்தக் காலத்திலும் சம்மட்டி இல்லை.

ஆணிக்குத் தொடையில் வெட்டு. கொக்கிக்கு ஒரு கைதான் வேலை செய்தது. பின்பக்கம் ஒரு சரிவு, அதன் அடியில் ஆறு. ஆற்றைத் தாண்டிவிட்டால் அடுத்த நாட்டு எல்லை. நொண்டிக்கொண்டு போக நேரம் வேண்டும். அந்த நேரத்தை எவன் கொடுப்பான்?

சுருக்கு கத்தியைக் கீழே போட்டாள். தன் கயிற்றைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு நடுப்பாதைக்கு வந்தாள். மைக்கை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நானே வந்துட்டேன். சரணடைஞ்சவளுக்குச் சட்டம் உண்டா இல்லையா?"

காவல் தலைவன் பல்லைக் கடித்தான். உண்டு. சரணடைந்தவரைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். தண்டனை முடியும்வரை ஊர் முழுக்க நின்று பார்க்க வேண்டும், அதுவரை வேறு எவன் மேலும் கை வைக்கக் கூடாது. "யாராவது கோடாலியோட வாங்கய்யா" என்றான்.

கூட்டத்திலிருந்து ஒரு விறகுவெட்டி வந்தான். புது ஆள். கந்தல் உடை, பெயர்கூட இல்லை. அவளை மண்டியிடச் சொல்லிவிட்டு, எதிரே நின்று, சிரித்தான். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. அவன் கோடாலிக் காம்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

முதலில் வாய் திறக்காத மனிதர் ஒருவர்தான் அந்த மலையில் உண்டு. அவர் செத்துவிட்டார். செத்தவரைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. அவளும் திறக்கவில்லை. சரிவில் இரண்டு பேர் உருண்டு இறங்க அந்த மௌனமும் உதவியது.

"கேளுய்யா" என்று காவல் தலைவன் கத்தினான்.

"உன் தலை வேணும்" என்றான் விறகுவெட்டி, வேண்டாவெறுப்பாக.

"தலை மட்டுமா? உடம்ப நான் எங்க கொண்டுபோய்ப் போடறது? எடுத்தா மொத்தமா எடு. உதிரி வியாபாரம் கட்டுப்படியாகாது."

"உடம்பு எனக்கெதுக்கு? கழுத்துக்குக் கீழ எல்லாம் அடிபட்ட சரக்கு."

"அடிபட்டது உன் கண்ணுல. எட்டு ஊரு தேடின தல இது. அழுகின பூசணிக்காய் கேக்கற மாதிரி கேக்கற."

"தேடினது நேத்து வரைக்கும். இன்னைக்கு நீயே நடந்து வந்துட்ட. தேடி வந்த சரக்குக்கு மதிப்பு ஏது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் வாய் நிற்கவில்லை. கழுத்து அளவு, முடியின் நீளம், தலையை நடுவது வடக்கு வாசலிலா தெற்கு வாசலிலா, காக்காய் கொத்தாமல் யார் காவல் என்று ஒவ்வொன்றாக இழுத்தாள். அவனும் ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுக்காமல் இழுத்தான். ஆனால் பேச்சு தீர்ந்துகொண்டே வந்தது. ஆற்றுப் பக்கம் இன்னும் புகை எழவில்லை. கரை ஏறியதும் புகை போடுவதாக ஆணி சொல்லியிருந்தான். அவளுக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை. விறகுவெட்டி கோடாலியைத் தூக்கினான். பதில் நின்றால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

"கோடாலி எந்த ஊர்ச் சரக்குன்னு கேளு."

முதுகுக்குப் பின்னால் மாமியார். கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. கை பழக்கத்தில் மைக்குக்குப் போனது. போன கை பாதியில் நின்றது.

குரல் ஹெட்போன் வழியாகக் கணவாயெங்கும் எதிரொலித்தது. அங்கே காதில் விழுந்ததெல்லாம் அந்த உலகத்தில் நடந்தது. கூலிப்படை மொத்தமும் மலையுச்சியை அண்ணாந்து பார்த்தது.

"யாரது?" என்றான் காவல் தலைவன்.

"நான் இவ மாமியா. என் மருமக கழுத்துல வைக்கற சாமானத்த நான் பாக்க வேண்டாமா? விரலால சுண்டிக் காமிக்கச் சொல்லு."

விறகுவெட்டி ஒரு கணம் யோசித்தான். பிறகு மரியாதையாகக் கோடாலியைத் தூக்கிப் பிடித்துச் சுண்டினான். ணங் என்றது.

"ஒட்டு போட்டது" என்றார் மாமியார். "அடிச்சா ரெண்டா போகும். பாதி கழுத்துல நின்னுட்டா யார் ஜவாப்தாரி?"

"ஒட்டு இல்லீங்கம்மா. பழைய இரும்பு, சத்தம் அப்படித்தான் வரும்."

"எனக்கா சொல்ற? இன்னொரு தடவ சுண்டு. நுனியில இல்ல, அடியில."

சுண்டினான். காவல் தலைவன் வேறு கோடாலி கொண்டுவரச் சொன்னான். அது பிடி சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றாவதாக வந்ததை வாங்கின விலை கேட்டு, ஏமாந்துவிட்டாய் என்று கொண்டுவந்தவனைத் திட்டினார் மாமியார். அவன் எங்கே வாங்கினேன் என்று விளக்க ஆரம்பித்தான். "பேச்ச முடிங்கய்யா" என்று காவல் தலைவன் கதறினான். "பதில் இன்னும் முடியலையே" என்றான் விறகுவெட்டி அமைதியாக.

ஆற்றுக்கு அப்பால் மெல்லிய புகை எழுந்தது.

காவல் தலைவன் அதைப் பார்த்துவிட்டான். முகம் கறுத்தது. அவளும் பார்த்தாள். மடியில் இருந்த கையை எடுத்து மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றாள் விறகுவெட்டியிடம். "படிஞ்சது. எடுத்துக்க."

அவன் கோடாலியைத் தலைக்குமேல் கொண்டுபோனான். இறக்குவதற்கு முன் குனிந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"உன் வாய்க்காக நேரம் குடுத்தேன். கோடாலிக்காக இல்ல."

இரும்பு இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் காதில் வெடித்தது. கணவாய் தலைகீழாகச் சுழன்றது. வானம், பாறை, வானம், அவளுடைய சொந்த முதுகு, அதன் மேலே ரத்தம் பீறிடும் வெட்டுவாய், பிறகு மண். உப்புக்காரர் விழுந்த அதே இடம். கல் இடுக்கில் ஒரு சிட்டிகை வெள்ளை இன்னும் கரையாமல் ஒட்டியிருந்தது. திரை இருண்டது.

"வெட்டிட்டானா?" என்றார் மாமியார்.

"வெட்டிட்டாரு அத்தை."

"பேசிட்டு இருக்கும்போதேவா?"

"இல்ல. நான்தான் முடிச்சேன். நம்மாளுங்க ரெண்டு பேரும் கர ஏறிட்டாங்க."

மாமியார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்காலை நீவிக்கொண்டே உட்கார்ந்தார். "அந்த சுத்தியல்காரப் பையன் போயிட்டானில்ல? கீச்சுக்குரலு. நல்ல பையன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அவன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ தொங்கவிட்டியே ஒரு வரிக்காரன், அதுலேர்ந்து தெரியும். அந்தப் பழைய ஹெட்போனுக்கோ கதவுக்கோ சத்தத்த நிறுத்தத் தெரியுமா? நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டு இருப்பேன். நீ அன்னைக்கு உப்புக்காரன்கிட்ட கால் மூட்டை அதிகமா விட்டுக்குடுத்துட்ட, மனசே ஆறல எனக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நின்றன. தொண்டையில் கொஞ்ச நாளாக நின்ற முள்ளைக் காணோம்.

இருண்ட திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நீ இறந்துவிட்டாய். உன் புதுப் பெயர் என்ன? கீழே ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. அவள் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. மாமியார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அவசரப்பட்டு நீ முதல்ல சொல்லாத. கெடக்கட்டும். இன்னொரு தடவ கேக்கட்டும்."

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, அந்த மின்னும் கோட்டை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.